உறை பிரிக்காத கேசட்

பாடகியின் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கப்படாத ஒரு காலை நேரத்தில் குக்கர் விசிலடித்தது. அது அடங்கியதும், தன் காலுறைகளில் ஒன்றைக் காணவில்லை என்று ஓர் ஆண் குரல் முறையிட்டது. அவ்வீட்டில் ஆண்கள் எவரும் இல்லை. சர்க்கரை விலை மீண்டும் ஏறிய மாதம் அது. பாடகியும், காலமான அவருடைய அண்ணனின் மனைவியும் மட்டுமே அங்கே வசித்துவந்தனர். அண்ணி ஒரு பள்ளியில் கணக்கு கற்பிப்பவர்; விளக்கம் கிடைக்காத எதையும் பக்கத்து வீட்டார் தலையில் போட்டுவிடும் பழக்கம் உடையவர். அன்றும் அவ்வாறே சுவரை ஓங்கித் தட்டி, "காலுறை கட்டிலுக்கு அடியில கிடக்கும், பாருங்க!" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினார். பக்கத்து வீடு கோடை முதலே பூட்டிக் கிடந்தது என்பது மாலையில் திரும்பி வரும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அவ்வீட்டின் ஓசைகள் பெருகின. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று சுழன்றது. ஒரு சிறுமி வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாக ஒப்பித்தாள். அண்ணி தம்மை மறந்து திருத்தினார். யாரோ குறட்டை விட்டார். யாரோ ஒருவர் தொலைபேசியில், தான் ஊரில் இல்லை என்று சத்தியம் செய்தார். இவ்வோசைகள் சுவர்களிலிருந்தோ கூரையிலிருந்தோ வரவில்லை. பேசுபவர் எதிரில் நிற்பதைப் போன்று, அறையின் நடுவே, காது உயரத்திலிருந்து வந்தன. பாடகி மிகவும் அஞ்சினார். தமக்கு அவர்களுடைய சத்தம் கேட்கிறது என்றால் அவர்களுக்குத் தம்முடைய உருவம் தெரியாதா என்று எண்ணி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றினார். வெற்று நாற்காலியைப் பார்த்து, "யாருங்க? யார் அங்க?" என்று கேட்டும் பார்த்தார். நாற்காலி இருந்த இடத்தில் எவரோ தேநீரை உறிஞ்சிக் குடித்தாரேயன்றி விடையளிக்கவில்லை.

காரணம் ஒரு மாலையில் தானாகவே வெளிப்பட்டது. அலமாரிக்கு அருகிலிருந்து பாடகியின் குரலே எழுந்தது. அதனை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாள்தோறும் காலையில் அவர் ஆர்மோனியத்துடன் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு பயிற்சி செய்வார். அதை ஒரே ஒரு கேசட்டில் பதிவு செய்து, நண்பகலில் கேட்டுப் பிழைகளைக் குறித்துக்கொள்வார். மறுநாள் அதன்மீதே வேறு பயிற்சியைப் பதிந்து முந்தையதை அழித்துவிடுவார். அறைக்குள் அண்ணிக்கும் அனுமதி கிடையாது. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், தாமே இயற்றிய பாட்டொன்றின் மூன்றாம் அடியில் மூச்சு உடைந்தது. மீண்டும் முயன்றார், மீண்டும் உடைந்தது. "உனக்கெல்லாம் எதுக்குடி பாட்டு?" என்று தம்மைத் தாமே ஏசிக்கொண்டார். பின்னர் அழுதார். இப்போது அந்த அழுகைதான் அலமாரிக்கு அருகில் கேட்டது. அதன்மேல் ஓர் அந்நியக் குரல் பரவசத்துடன் சொன்னது: "இதோ, இந்த இடம்! மூக்கை உறிஞ்சுறாங்க பாருங்க. வேற எந்தக் கேசட்லயும் இது கிடைக்காது."

அழுத அன்றே ஒலிப்பதிவுக் கருவி பழுதுபட்டுச் சிலநாள் பழுதுபார்ப்பவரின் கடையில் இருந்ததும், அதனுள் கேசட் அகற்றப்படாமல் போனதும் அப்போதுதான் பாடகியின் நினைவுக்கு வந்தன. பழுதுபார்த்தவர் தீயவர் அல்லர். கருவி சரியாகிவிட்டதா என்று சோதிக்கவே அந்தக் கேசட்டை ஒலிக்கவிட்டார். சோதனை முடிந்த பின்னும் நிறுத்த மனம் வராமல் நகலெடுத்துக்கொண்டார். பின்பு, கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லத் தெரியாமல் விற்றார். அந்த நகல் எந்தெந்த வீட்டுக்குள் சென்றதோ அந்தந்த வீட்டின் ஓசைகள் எல்லாம், அது ஒலித்துக்கொண்டிருந்தாலும் சும்மா கிடந்தாலும், பாடகியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இதற்கு மேல் விளக்கம் எதுவும் எவருக்கும் கிடைக்கவில்லை. பலரும் தேடவும் இல்லை.

வாங்கியவர்கள் அனைவரும் பாடகியின் ரசிகர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். நேர்மையில் அவர்களைக் குறைசொல்ல இயலாது என்பதே அவர்களுடைய கருத்தாக இருந்தது. கடையில் விற்கும் கேசட்டுகளைக் கள்ளத்தனமாக நகலெடுத்து விற்பவர்களை அவர்கள் வெறுத்தனர். அத்தகையவர் ஒருவரை வட்டத்திலிருந்தே நீக்கியிருந்தனர். ஆயினும், வெளிவராத பதிவுகளைப் பொறுத்தவரை வட்டத்தின் செயலாளர் வேறு கொள்கை வகுத்திருந்தார். "கடையில இருக்கறதை நகலெடுத்தா அது திருட்டு. கடையிலயே இல்லாததை வாங்கினா அது தேடல்" என்பார். அப்படியும் மனம் உறுத்தக்கூடும் என்பதனால் ஒரு விதியையும் ஏற்படுத்தினார். வெளிவராத பதிவு ஒன்றை வாங்குபவர், கம்பெனி வெளியிட்ட கேசட் ஒன்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டும்; அதன் கண்ணாடித்தாள் உறையைப் பிரிக்கவே கூடாது. பிரித்துக் கேட்டால் அது இன்பமாகிவிடும், ஈடாகாது என்பது அவர் வாதம். வட்டத்து வீடுகளில் எல்லாம் இப்படி உறை பிரிக்காத கேசட்டுகள் பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன. செயலாளரின் வீட்டில் ஒரு சுவர் முழுவதும் அவைதாம்.

செயலாளர் தொழிலால் பல்செட் செய்பவர். வீட்டின் முன்னறையே பட்டறை. பல்செட்டுக்கு மெருகேற்றும் மோட்டார் அங்கே நாளெல்லாம் ரீங்கரிக்கும். முடிந்த பல்செட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மூடுவது அவருடைய மனைவியின் வேலை. உறையின் வாயைப் பழைய ரம்பத் தகட்டின்மீது மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஒரே இழுப்பாக ஓட்டுவார். ஒட்டிய தடம் தெரியாது. செயலாளர் மென்மையாகப் பேசுபவர். தெருவில் யாரிடமும் குரலுயர்த்தி அறியார். கேசட்டை முழுவதும் சுற்றிவைக்காமல் எடுத்து வைத்தாலோ, பாட்டின் நடுவே கதவு சத்தமாகச் சாத்தப்பட்டாலோ, அவர் முதலில் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அதனை மடித்து டேப்ரெக்கார்டரின்மேல் வைப்பார். 'டக்' என்று சிறு ஓசை எழும். அந்த ஓசைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். அடி விழும்போது மனைவி சத்தமிடுவதில்லை. முடிந்ததும் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொள்வார். மறுநாள் செயலாளர் துணிக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வருவார். "உனக்குத்தான். பிடிச்சிருக்கா பாரு" என்பார். மனைவி அவற்றைப் பிரித்ததே இல்லை. கடை ஊசியும் தாளும் அகலாமல், அவை அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கடுக்காக இருந்தன.

பாடகியின் வீட்டில் இவை யாவும் கேட்டன. மற்ற வீடுகளின் ஓசைகளுக்கு அவர் மெல்லப் பழகியிருப்பார். ஆனால், மோட்டார் ரீங்கரிக்கும் வீட்டுக்கு மட்டும் பழக இயலவில்லை. அந்த 'டக்' எதன் ஓசை என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அதனைக் கேட்டவுடன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். முதுகு தானாக வளையும். பின்னர் அடி, பாத்திரம் உருளல், குழாய் நீர். அழுகையே இல்லாதது அவரை எல்லாவற்றையும்விட நடுங்கச் செய்தது. பஞ்சை உருட்டிக் காதுகளில் அடைத்துக்கொண்டார். பாடுவதையும் நிறுத்திவிட்டார்.

"யாருன்னு கண்டுபிடிச்சுப் போலீஸ்ல சொல்லேன்" என்றார் அண்ணி.

"என்னன்னு சொல்றது அண்ணி? எங்கிட்ட அவங்க எதுவும் சொல்லலையே. நானா ஒட்டுக் கேட்டுட்டு நிக்கறேன். நான் அழுததை அவங்க கேட்டாங்க, அவங்க அடிவாங்கறதை நான் கேட்டேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்குடி. நீ அழுதப்ப உன் பல்லு உடையலை" என்றார் அண்ணி.

பாடகி, முன்னரே ஒப்புக்கொண்டிருந்த ஒரு கச்சேரியில், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கோபமாகப் பேசவில்லை என்பதை அன்று அங்கிருந்த அனைவரும் உறுதிசெய்கின்றனர்.

"என் பயிற்சிக் கேசட் உங்கள்ல சிலபேர் வீட்ல இருக்கு. அது இருக்கற வீட்டுச் சத்தமெல்லாம் எங்க வீட்ல கேக்குது. விளையாட்டா சொல்லலை. ஒருத்தர் வீட்ல குழந்தைக்கு ஏழாம் வாய்ப்பாடு வரலை. ஒருத்தருக்குச் சளி, டாக்டரைப் பாருங்க. எனக்கு இதெல்லாம் வேண்டாங்க, பயமா இருக்கு. என்னோடதை ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து குடுத்துடுங்க. உங்களோடதை எடுத்துட்டுப் போயிடுங்க."

அரங்கில் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு, சளி பிடித்தவர் இருமியதும் சிரிப்பு நின்றது.

மறுநாள் மாலை ரசிகர் வட்டம் செயலாளரின் வீட்டில் அவசரமாகக் கூடியது. அவருடைய மனைவி அனைவருக்கும் தேநீர் கொடுத்தார். பாடகி என்ன சொன்னார் என்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டில் கடந்த மாதங்களில் பேசப்பட்டவற்றை மனத்துக்குள் சுற்றிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தனர். தபால்காரர் மட்டும் வாய்விட்டுப் புலம்பினார்.

"நான் குளிக்கறப்ப பாடுவேன்யா! அதுவும் அவங்க பாட்டையே! அதையுமா கேட்டிருப்பாங்க?"

"கேட்டிருந்தா இந்நேரம் பாட்டையே விட்டிருப்பாங்க" என்றார் ஒருவர்.

"விட்டுட்டாங்களே! ரெண்டு மாசமா வேற எங்கயும் பாடலையே!" என்று தபால்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

செயலாளர் சிரிக்கவில்லை. அனைவரும் ஞாயிற்றுக்கிழமை கேசட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும், நகல் எடுத்திருந்தால் அதனையும் தர வேண்டும் என்று மென்மையாக அறிவித்தார். கூட்டம் கலைந்த பின் மனைவியைப் பார்த்தார்.

"நீ ஏதாவது பேசினியா? நான் இல்லாதப்ப?"

"நான் யார்கிட்டங்க பேசப்போறேன்?"

அவர் கை மூக்குக்கண்ணாடிக்குப் போயிற்று. அதனைக் கழற்றி, டேப்ரெக்கார்டரின் அருகே கொண்டுசென்றார். அங்கே, அவர் தம் கையெழுத்திட்டிருந்த பெட்டிக்குள் அந்தக் கேசட் இருந்தது. அதனைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டு பட்டறைக்குள் சென்றுவிட்டார். கழற்றிய கண்ணாடி 'டக்' என்று வைக்கப்படாமல் மூக்குக்கே திரும்பியது அந்த வீட்டில் அதுவே முதல் முறை. மனைவி அடுக்களை வாயிலில் நின்றபடி அதனைக் கவனித்தார். தம் கணவர் அஞ்சும் பொருள் ஒன்று இவ்வுலகில் உண்டு என்பதும், அது ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டுப் போய்விடும் என்பதும் ஒருசேர அவருக்குப் புரிந்தன.

அந்த வாரம் முழுவதும் அந்தக் கேசட்டுடன் பேச அவருக்கு ஆசை எழுந்தது. மோட்டார் ஓடும் வேளையில் அதன் அருகே சென்று வாயைத் திறந்தும் பார்த்தார். சொல் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் சத்தமிடாமலிருந்தே பழகிய தொண்டை அது. ஆனால், கைகளுக்கு அத்தகைய தடை இல்லை. செயலாளர் ஒரு மருத்துவமனைக்குப் பல்செட் அளவெடுக்கப் போயிருந்த முற்பகலில், மனைவி சுவரிலிருந்து உறை பிரிக்காத கேசட் ஒன்றை எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் சவர அலகால் மெல்லக் கீறினார். உள்ளேயிருந்த கம்பெனி கேசட்டின் மேலொட்டிய பெயர்த்தாளை நீரில் நனைத்து உரித்துவிட்டு, பாடகியின் பதிவிலிருந்த தாளை அதன்மேல் ஒட்டிக் கையெழுத்திட்ட பெட்டியில் வைத்தார். பாடகியின் பதிவைக் கம்பெனிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடித்தாளை மடித்து, ரம்பத் தகட்டில் படியவைத்து, சுடரில் ஓட்டினார். அவசரத்தில் மூலையில் சிறிது சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பார்த்து அஞ்சியபடியே அதனைச் சுவரில் மேல்வரிசையில் செருகினார். உறை பிரிக்காதவற்றை வீட்டில் எவரும் தொடமாட்டார்கள் என்ற ஒன்றையே அவர் நம்பியிருந்தார். செயலாளரும், அச்சத்தின் காரணமாக, கையெழுத்திட்ட பெட்டியிலிருந்ததை அதன்பின் ஒலிக்கவிட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று பாடகியின் வீட்டு வாயிலில் ரசிகர்கள் வரிசையில் நின்றனர். தலைகுனிந்து, பெட்டியை நீட்டி, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றனர். தபால்காரர், இனி குளிக்கும்போது பாடமாட்டேன் என்று கேளாமலே வாக்களித்தார். பழுதுபார்ப்பவரும் தம் நகலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கருவியை ஆயுள் முழுவதும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொன்னார். அண்ணி அவரை அந்தக் கருவியின் அருகிலேயே விடவில்லை. செயலாளர் கண்ணியமாக வந்து, வட்டத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்து, தம் பெட்டியைக் கொடுத்துச் சென்றார். இரவல் வாங்குவோர் திருப்பித் தரவேண்டி, தம் பெயர், தொழில், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அச்சிட்ட சீட்டை எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டிவைப்பது அவர் வழக்கம்.

வாயில் காலியானதும் அண்ணி கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கருவியிலிட்டு அழிக்கத் தொடங்கினார். இங்கே வந்த பின்னும் ஒவ்வொரு கேசட்டும் தான் கடைசியாக இருந்த வீட்டின் ஓசையையே தந்துகொண்டிருந்தது; ஒன்று அழியத் தொடங்கியவுடன் ஒரு வீடு அடங்கியது. வாய்ப்பாடு நின்றது. குறட்டை பாதியில் அறுந்தது. துணி துவைக்கும் இயந்திரம் ஓய்ந்தது. பாடகி, மாதங்களுக்குப் பின், காதிலிருந்து பஞ்சை எடுத்து எறிந்தார். செயலாளரின் கேசட் அழிந்தபோது மட்டும் எந்த வீடும் அடங்கவில்லை. அண்ணி அதனைத் தனியே எடுத்து வைத்தார். மாலையில், விளக்கேற்றும் வேளையில், எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வீட்டில் ஒரே ஒரு ஓசை எஞ்சியிருந்தது. மோட்டார்.

அண்ணி தனியே வைத்திருந்த பெட்டியின் சீட்டைப் படித்தார். "பல்செட் செய்யறவராம். மோட்டார் அவருதுதான். மாத்திக் குடுத்திருக்காங்க."

"அவர் ஏன் மாத்தணும்? அவர்தானே எல்லாரையும் குடுக்கச் சொன்னவர்."

"அவர் மாத்தியிருக்கமாட்டார், பாட்டுக்காரி. வீட்ல இன்னொருத்தர் இருக்காங்களே."

பாடகி தொலைபேசியின் அருகே அமர்ந்தார். எண்ணை மனத்துக்குள் பாடமாக்கிக்கொண்டார், ஆயினும் சுழற்றவில்லை. தம் அழைப்பைச் செயலாளர் எடுத்து, அதன் காரணமாகவே அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்தால் என்ன செய்வது என்று தயங்கினார். "அவங்க சொல்லலையே" என்று மீண்டும் முனகினார்.

"குடுக்காம வெச்சிருக்காங்களே. அதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் அண்ணி.

அப்போது மோட்டார் நின்றது.

செயலாளர் அன்று மாலை நிம்மதியுடன் வீடு திரும்பியிருந்தார். பட்டறையில் எஞ்சிய வேலையை முடித்தார். கைகழுவினார். பின்னர் உள்ளறைக்கு வந்து, தம்முடைய சுவரை ஒருமுறை பெருமிதத்துடன் நோக்கினார். வாரம் முழுவதும் அடக்கிவைத்திருந்தது அவர் முகத்தில் மெல்ல ஏறியது.

"கூட்டத்தன்னிக்கு எல்லாருக்கும் டீ குடுத்தே. எனக்கு மட்டும் ஆறின டீ" என்றார் மென்மையாக. "நான் கவனிக்கலைன்னு நினைச்சியா?"

மனைவி சுவரோடு ஒட்டி நின்றார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். டேப்ரெக்கார்டரின்மேல் வைத்தார். 'டக்.'

அந்தக் கணத்தில், கணவரைப் பார்க்காமல், அவருடைய தலைக்கு மேலே சுவரின் மேல்வரிசையைப் பார்த்தவாறு மனைவி பேசினார். குரல் கிழிந்து வந்தது.

"அக்கா... கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டார்க்கா."

செயலாளர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. "யார்கிட்டப் பேசறே?"

"அடிக்கப் போறார்க்கா. நான் இங்கதான் இருக்கேன். கேக்குதாக்கா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. செயலாளரின் கண்கள், கண்ணாடி இல்லாமல், சுவரிலிருந்த பளபளப்பின்மேல் ஒவ்வொன்றாக மங்கலாக ஊர்ந்தன; மனைவி எதனிடம் பேசுகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. அவர் ஓரடி முன்னே எடுத்து வைத்தார். மனைவி கண்களை மூடிக்கொண்டார்.

தொலைபேசி மணி அடித்தது.

அது நிற்கும் என்று செயலாளர் காத்திருந்தார். நிற்கவில்லை. எடுத்தார். ஆயிரம் குரல்களுக்கு நடுவிலும் அவர் அடையாளம் காணக்கூடிய குரல், மூச்சு வாங்கியபடி, மறுமுனையில் சொன்னது:

"கண்ணாடியைப் போட்டுக்குங்க."

அவர் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க. நாற்காலி இழுபடற சத்தம் எனக்குக் கேக்கணும். நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. தெருக்கதவை அவங்க திறந்து வைக்கட்டும்."

அவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். வாடகைக் கார் வந்து நிற்கும்வரை அவ்வறையில் இருவர் அஞ்சிக்கொண்டிருந்தனர்; அவர்களுள் ஒருவருக்கு அது புதிய அனுபவம்.

பாடகியும் அண்ணியும் உள்ளே வந்தபோது செயலாளரின் கைகள் அவரையறியாமல் கூப்பிக்கொண்டன. இவ்வளவு அருகில் அவர் பாடகியைக் கண்டதில்லை. "டீ ஏதாவது..." என்று தொடங்கினார்.

"வேண்டாங்க. உங்க வீடு எனக்கு நல்லாத் தெரியும். அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்தணும்" என்றார் பாடகி. நின்றபடியே செயலாளரின் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ கிளம்பி வாம்மா."

மனைவி ஒரு பையில் மாற்றுத்துணி சிலவற்றை எடுத்துக்கொண்டார். கீழ்த்தட்டிலிருந்த பொட்டலங்களைத் தொடவில்லை. வாயிலுக்கு வந்தவர் திரும்பி உள்ளே சென்று, சுவரின் மேல்வரிசையிலிருந்து, மூலையில் சிறிது சுருங்கிய உறையுடைய ஒரு கேசட்டை எடுத்தார்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அது கம்பெனி கேசட்தான். முறைப்படி வாங்கினது" என்றார் செயலாளர், பாடகிக்குக் கேட்கும்படியாக.

காரில் அந்தப் பெண் மடியிலிருந்ததை எடுத்துப் பாடகியிடம் நீட்டினார். "உங்களோடதுக்கா. தப்புதான். ஆனா... இது எங்கிட்டயே இருக்கட்டுங்களா?"

பாடகியின் அழுகை பதிந்த அந்தக் கேசட்டை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டவர் அதுவரை எவரும் இல்லை. பாடகி அதனைக் கையில் வாங்கினார்; உறை ஒட்டிய தடத்தை விரலால் தடவினார்; திருப்பிக் கொடுத்தார்.

சட்டப்படி பிரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தப் பெண் ஒரு மருந்து நிறுவனத்தில் பொட்டலம் ஒட்டும் பிரிவில் சேர்ந்தார். அங்கே அதற்கு இயந்திரம் இருந்தாலும், கோணலாக ஒட்டியவற்றைச் சரிசெய்ய அவரைத்தான் அழைத்தனர். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். ரசிகர் வட்டம் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தது. வாங்கியதைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. தபால்காரர் வாக்கை ஒரு மாதம் காப்பாற்றினார். மூன்றாம் அடி உடையாமல் அந்தப் பாட்டைப் பாடகி பின்னாளில் வெளியிட்டார். அது சுமாராக விற்றது.

பழைய செயலாளர் அதே வீட்டில் இருக்கிறார். மனைவி போன மறுநாளே அவர் உறைகளைப் பிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து முடிவுவரை ஒலிக்கவிட்டுக் கேட்டார். எல்லாவற்றிலும் முறையாக வெளியிடப்பட்ட, பிழையற்ற பாட்டுகளே இருந்தன. மேலும் தேடினார். பரணில், பட்டறையில், பிரிக்கப்படாத துணிப் பொட்டலங்களின் மடிப்புகளில் தேடினார். அது வீட்டில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல அவரால் இன்றுவரை முடியவில்லை. ஆகவே, குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டார். நாற்காலியைத் தூக்கித்தான் வைக்கிறார். அறைக்கு அறை நுனிக்காலில் நடக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. அவரிடம் பல்செட் வாங்க வருபவர்கள், இவ்வளவு சாதுவான மனிதரை விட்டு ஒருத்தி எப்படிப் போனாள் என்று வியப்பதுண்டு.

மாடி அறையிலுள்ள கேசட்டின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதனை ஒலிக்கவிடும் கருவியை அந்தப் பெண் வாங்கவும் இல்லை. மாலையில் வேலை முடிந்து திரும்பியதும் கதவைத் தாழிடுவார். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பார். பையை ஆணியில் மாட்டுவார்.

"வந்துட்டேங்க்கா" என்பார்.

ஊரின் மறுகோடியில், ஆர்மோனியத்தின்மேல் கைவைத்தபடி அந்நேரத்துக்காகக் காத்திருக்கும் பாடகி, அடுக்களைப் பக்கம் திரும்பி, "வந்துட்டாளாம் அண்ணி" என்பார். அண்ணி தேநீருக்கு நீர் வைப்பார். பிறகு பாடகி பாடத் தொடங்குவார்.